இடக்கண்ணுக்கு ஓவர்டைம்

எங்கள் வீட்டில் யார் எப்போது தூங்கலாம் என்பதை நைனாவின் ஷிப்டுதான் முடிவு செய்யும்; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எங்கள் பேச்சில் எஸ்டேட்டில், ஒரு கம்பெனியில் அவர் இரும்பு கடையும் லேத்து ஓட்டினார். ஒரு வாரம் காலை ஷிப்டு, அடுத்த வாரம் மதிய ஷிப்டு, அதற்கடுத்த வாரம் நைட் ஷிப்டு, பிறகு மறுபடியும் முதலிலிருந்து. காலை ஷிப்டு வாரத்தில் கம்பெனிச் சங்குக்கு முன்பே எல்லோரும் எழுந்துவிட வேண்டும். நைட் ஷிப்டு வாரத்தில் அவர் பகலில் தூங்குவார். அப்போது கொரட்டூரில் எங்கள் ஒற்றை அறை ஓட்டு வீட்டில் ஒரு டம்ளர்கூடக் கீழே விழக் கூடாது. அம்மா மிளகாய் அரைக்கப் பக்கத்து வீட்டு அம்மிக்குப் போவாள். நான் வாய்விட்டுப் படிக்கக் கொல்லைக் கோடிக்குப் போவேன். என் தங்கையைச் சத்தமில்லாமல் வைத்திருக்க மட்டும் ஒரே வழிதான் இருந்தது. மத்தியானச் சோற்றை ஊட்டி, அம்மா தன் பக்கத்தில் போட்டுத் தட்டித் தூங்க வைத்துவிடுவாள்.

என் தங்கையின் இடக்கண் கதை இந்த ஏற்பாட்டுக்குள்தான் இருக்கிறது.

பாப்பா என்று நாங்கள் கூப்பிடும் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே லேசான மாறுகண். இடக்கண் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவள் பிறந்த வருஷம்தான் நைனாவுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அதற்கு முன்பு அவரும் அம்மாவும் ஏரிக்குக் கீழே இருந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். ஆகவே எங்கள் தெருக்காரர்கள் கண்ணையும் வேலையையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார்கள். “உன் சின்னப் பொண்ணு கண்ணு அப்டி கொஞ்சம் ஓரமா கீது பாரு, அதாம்மே உங்க ஊட்டுக்கு யோகம்” என்று சொல்லாத பெண் கிடையாது. அம்மாவும் அதை நம்பினாள். பாப்பாவுக்குத் திருஷ்டி சுற்றும்போது அந்தக் கண்ணுக்கென்று தனியாக ஒரு சுற்று சுற்றுவாள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் மெஷினைத் தொட்டவர் நைனா. முதலில் புத்தகத்தைத் தொட்டவள் நான். இருவருக்குமே அதில் கர்வம் உண்டு, அதை மறைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்த அந்த வருஷம் பாப்பாவுக்கு ஆறு வயது ஆகவிருந்தது. ஒரு சாயங்காலம் தெருவில் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடினார்கள். என் பழைய தாவணித் துண்டைப் பாப்பாவின் கண்ணில் கட்டிவிட்டார்கள். ஓடும்போது கட்டு சரிந்து இடக்கண் வெளியே வந்துவிட்டது.

“ஏய், கள்ள ஆட்டம்! அவளுக்குக் கண்ணு தெரியுதுடா!”

பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும்போதே அவள் நேராகப் போய்த் தண்ணீர் டிரம்மில் மோதினாள். உதடு கிழிந்தது. அவள் வேண்டுமென்றே நடிக்கிறாள் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கண் நன்றாகத் திறந்திருந்ததை நான் பார்த்தேன். டிரம் மாட்டுவண்டி அளவுக்கு இருந்தது.

உள்ளே அழைத்துப்போய் வாயைத் துடைத்துவிட்டு, அவள் வலக்கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன். மறு கையை முகத்துக்கு முன்னால் காட்டினேன்.

“இது இன்னா?”

“கையி.”

“எத்தினி வெரலு?”

அவள் என் கையை இழுத்தாள். “இத்த எடு. அப்பால கரீட்டா சொல்றேன்.”

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. “அந்தக் கண்ணுல கைய வெச்சா வந்த யோகம் பூடும்டி” என்றாள். “யோகமா லேத்து ஓட்டுது? நைனாதானே ஓட்டுறாரு” என்று நான் கேட்டேன். மறுநாள் மூவரும் ரயிலேறிப் பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அங்கே ஒரு அட்டை மாட்டியிருந்தார்கள். ஒரே ஆங்கில எழுத்து, ஒரு முதுகும் மூன்று காலும் உள்ளது, பல அளவில், பல பக்கம் திரும்பி நின்றது. கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கையால் காட்ட வேண்டும். பாப்பா அதற்குச் சீப்பு என்று பெயர் வைத்தாள். வலக்கண்ணால் கடைசி வரிச் சீப்பு வரைக்கும் காட்டினாள். வலக்கண்ணை மூடியதும் மேலே இருந்த பெரிய சீப்பையே காணோம் என்றாள்.

டாக்டரம்மா நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்: “கண்ணுல ஒரு குறையும் இல்லைம்மா. ஒரு கண்ணு ஒரு பக்கம், இன்னொண்ணு வேற பக்கம் பாத்தா மூளைக்குக் குழப்பமா இருக்கும். அதனால அது இந்தக் கண்ணு சொல்றதைக் கேக்கறதையே விட்டுடுச்சு. மறுபடியும் கேக்கப் பழக்கணும். பகல்ல நல்ல கண்ணை மூடிக் கட்டு போட்டு, இந்தக் கண்ணுகிட்ட வேலை வாங்குங்க. ராத்திரி பிரிச்சுட்டு நல்லாத் தூங்க விடுங்க. சின்ன வயசிலே செஞ்சாத்தான் உண்டு. ஏழு, எட்டு தாண்டிட்டா மூளை பிடிவாதமாயிடும்.”

பொங்கல் கழித்து வரச் சொன்னார். அதற்குள் கொஞ்சமாவது முன்னேற்றம் தெரிந்தால் தொடரலாம். ஒன்றுமே இல்லையென்றால் குழந்தையை வதைக்க வேண்டாம், விட்டுவிடலாம் என்றார். வலக்கண்ணுக்கு ஏதாவது அடிபட்டால் என்ன செய்வாள் என்று நான் கேட்டேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அதுக்குத்தான் பாடுபடச் சொல்றேன்” என்றார்.

டாக்டரம்மா சொன்னதை நான் ஒன்று விடாமல் நைனாவிடம் சொன்னேன். அவர் அதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். வேலை வாங்க வேண்டும்.

“இவ்ளோதானா? நான் இன்னாமோ ஏதோன்னு பயந்துகினு கீறேன்” என்றார் நைனா. “வேல தெரியாதவனுக்கு இன்னா வைத்தியம்? ஓவர்டைம். நான் மொத மொதல்ல லேத்துல நின்னப்ப பக்கத்து மெஷின்காரன் சிரிச்சான். நாத்து நட்ட கை இது, இதுக்கு எங்க இரும்பு புடிபடப் போவுதுன்னான். டபுள் ஷிப்டு நின்னேன். கை வந்துச்சா இல்லியா? கையின்னா இன்னா, கண்ணுன்னா இன்னா. ஓட்டினா பயக்கத்துக்கு வந்துரும்.”

இப்படி ஒரு தவற்றை எஸ்டேட் ஆள்தான் செய்ய முடியும். வேறு வேலை பார்க்கும் அப்பாவாக இருந்தால் கட்டைப் போட்டுவிட்டு மறந்திருப்பார். இவர் கண்ணுக்கு ஷிப்டு போட்டார்.

விடிந்ததும் பாப்பாவின் வலக்கண்ணில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டப்படும். காலை ஷிப்டு வாரமானால் அவர் சைக்கிளை எடுப்பதற்கு முன்பே ஒட்டிவிடுவார். உளுந்தையும் பச்சைப் பயறையும் ஒரு முறத்தில் கலந்து கொடுத்து, பிரித்து வைக்கச் சொல்வார். மத்தியானத் தூக்கம் ரத்து. வேலை முடிந்து வந்ததும் அவளை எதிரே உட்கார வைத்து, ஊசியில் நூல் கோக்கச் சொல்வார். அவள் கண் சொருகினால் முகத்தில் தண்ணீர் தெளிப்பார். மதிய ஷிப்டு வாரத்தில் காலையெல்லாம் அவரே மேஸ்திரி. கிளம்பும்போது அம்மாவிடம் பொறுப்பை ஒப்படைப்பார். “தூங்க உட்றாத. தூங்கற நேரமெல்லாம் வேஸ்டு.” அடிக்கவோ திட்டவோ மாட்டார். அவருடைய அன்புதான் அது. சொந்தக் கைகளை எப்படி ஆளாக்கினாரோ அப்படியே மகளின் கண்ணையும் ஆளாக்கப் பார்த்தார்.

பாப்பா தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு நாள் அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கூரை ஓட்டைப் பார்த்தபடி பயறு பிரித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் மட்டும் வேகமாக ஓடின.

“எதைப் பார்த்து பிரிக்கறே?” என்றேன்.

“பாக்கவே வேணாம்க்கா. பயிறு குண்டா கீது, உளுந்து சப்பையா கீது.”

அதனால்தான் நான் சீப்பு விளையாட்டை ஆரம்பித்தேன். சீப்பைத் தொட்டுப் பார்க்க முடியாது. சோப்புப் பெட்டி அட்டையில் கரியால் ஒரு சீப்பு வரைந்தேன். பாப்பா கொல்லை வாசற்படியில் உட்காருவாள். நான் அட்டையை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே பின்னால் நகர்வேன். சரியாகச் சொல்லும்வரை நகர்வேன், தப்பினால் நிற்பேன். கொல்லையில் முதலில் ஆட்டுக்கல், பிறகு துணிக்கொடிக் கம்பம், கடைசியில் முள்வேலி. வேலி வரைக்கும் நான் போய்விட்டால் கண் வந்துவிட்டது என்று எங்களுக்குள் கணக்கு.

தொடக்கத்தில் ஆட்டுக்கல்லைத் தொடவே முடியவில்லை. பிறகு தொட்டேன். அதற்கப்பால் போக முடியவில்லை. ஐப்பசி மழை பெய்து ஏரி நிரம்பியது. நான் மட்டும் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பாப்பா சோற்றுத் தட்டின் மேலேயே தலை சாய்ந்தாள். பிளாஸ்திரியைப் பிய்த்துப் பிய்த்துக் கன்னத்துத் தோல் உரிந்துவிட்டது. அம்மா வாயை மூடிக்கொண்டு அழுதாள். அவள் என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “யோகமும் போயி கண்ணும் வராம பூடுமாடி?”

நைட் ஷிப்டு வாரம் ஒன்றின் முடிவில் நான் கொடிக்கம்பத்தைத் தொட்டேன்.

முதலில் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அடுத்த வாரம் காலை ஷிப்டு. அந்த வாரக் கடைசியில் மறுபடியும் ஆட்டுக்கல். அதற்கடுத்த வாரமும் அதேதான். திரும்ப நைட் ஷிப்டு வந்தது, நான் கம்பத்தைத் தாண்டினேன். அப்போதுதான் தலையில் ஒன்று உறைத்தது. அறிவியல் வகுப்பில் எங்களுக்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இங்கே நான் மாற்றாமலே கம்பெனி மாற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அதே குழந்தை, அதே பிளாஸ்திரி, அதே அட்டை. நைட் ஷிப்டு வாரத்தில் மட்டும், நைனா தூங்குவதற்காக, பாப்பாவையும் தூங்க வைத்தார்கள். மத்தியானத்திலும் தூங்கினாள், காலையிலும் அவளை எழுப்ப ஆள் இல்லை.

வெறும் களைப்புதானோ என்ற சந்தேகம் எனக்கு வந்தது. களைத்த குழந்தை எதைத்தான் ஒழுங்காகச் செய்யும்? ஆகவே ஒரு காரியம் செய்தேன். அந்தச் சனிக்கிழமை, பள்ளி விடுமுறையில், நன்றாகத் தூங்கி எழுந்த காலையில், சின்னதாக ஒரு புதுச் சீப்பு வரைந்து காட்டினேன். பக்கத்தில் வைத்தும் தடுமாறினாள். கொஞ்ச நேரம் பழக்கினேன், பாதிதான் வந்தது. அட்டையை எடுத்து வைத்துவிட்டேன். மத்தியானம் அம்மாவோடு படுத்துத் தூங்கினாள். எழுந்து வாய் கொப்பளித்து வந்ததும் அதே அட்டையைக் காட்டினேன். மேலே, கீழே, அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று தயங்காமல் கையை நீட்டினாள். நடுவில் யாரும் அவளுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. தூங்கியது ஒன்றுதான் நடந்தது.

எனக்கு அது புதிதாகவும் தோன்றவில்லை. நானும் அப்படித்தான் படித்து வந்திருக்கிறேன். சாயங்காலம் எவ்வளவு முட்டினாலும் திறக்காத கணக்கு, காலையில் பல் துலக்கும்போது தானே திறந்துகொள்ளும். பகலில் உள்ளே போனதை மூளை தூக்கத்தில் எடுத்து அடுக்குகிறது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். எந்தப் புத்தகத்திலும் படித்துச் சொல்லவில்லை. இன்று நான் அம்பத்தூரில் ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கண் பார்ப்பதைப் பற்றிப் பாடம் இருக்கிறது. தூங்கும்போது மூளை என்ன செய்கிறது என்பதற்குப் பாடம் இல்லை. ஒரு நாள் வரும் என்றே நினைக்கிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நைனா வாசலில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் போய் எதிரே உட்கார்ந்தேன்.

“நைனா, பாப்பாவ மத்தியானத்துல தூங்க விடணும். காலையில எழுப்பக் கூடாது.”

“வாம்மா டீச்சரம்மா. அப்ப வேலைய யாரு செய்றது?”

“தூங்கும்போதுதான் பாதி வேலையே நடக்குது.”

அவர் சிரித்தார். “இத்த எங்க சூப்ரவைசராண்ட சொல்லு. நான் மெஷின் பக்கத்துல பாய் போட்டுக்கறேன்.”

நான் விடவில்லை. கம்பத்தையும் ஆட்டுக்கல்லையும் சொன்னேன். எந்த வாரம் எங்கே நின்றேன் என்று சொன்னேன். அவர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே கேட்டார். நம்பவில்லை. “நைட் ஷிப்டுல நான் ஊட்ல கீறேன் இல்ல, அந்தத் தெம்புல பாத்திருப்பா” என்றார்.

“நீங்க லேத்து கத்துக்கிட்டப்ப கை எப்ப வந்துச்சு?” என்று கேட்டேன்.

“அதான் சொன்னனே, டபுள் ஷிப்டு…”

“அது தெரியும். முதல்ல சரியா வந்த பீஸு எப்ப வந்துச்சு? ஓவர்டைம் முடியற நேரத்துலயா, இல்ல…”

சக்கரம் சுற்றுவது நின்றது. நைனா பொய் சொல்லத் தெரியாதவர்.

“ஓவர்டைம்ல எங்க வந்துச்சு. அன்னிக்குப் பூரா பீஸு பீஸா கெடுத்துகினு இருந்தேன். வெறுத்துப் போயி ஊட்டுக்கு வந்து குப்புறப் படுத்துட்டேன். மறுநாள் லீவு. நல்லா தூங்கினேன். அதுக்கு மறுநாள் போயி நின்னா, கை தானா போவுது. பக்கத்து மெஷின்காரன் வாயப் பொளந்துட்டான்.”

சொல்லிவிட்டு எண்ணெய்க் குப்பியை மூடினார்.

“அப்ப நான் படுத்துகினு இருந்தப்பதான் கை கத்துக்கிச்சுன்ற.”

“ஆமா. ஆனா முந்தின நாள் பீஸு கெடுத்தீங்களே, அதுவும் வேணும். ரெண்டும் வேணும்.”

“உன்னப் படிக்க வெச்சது தப்பாப் போச்சு” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பாப்பாவுக்கு நிரந்தர நைட் ஷிப்டு. காலையில் தானாக விழித்ததும் கட்டு, நானும் அவளும் சீப்பு, அம்மாவோடு நூல் கோப்பது. சோறு உண்டதும் கட்டைப் பிரித்துவிட்டுத் தூக்கம். எழுந்ததும் மறுபடி கட்டு. நைனாவுக்காக நாங்கள் பழகியிருந்த அத்தனை ஒழுங்கும் அவளுக்கு வந்தது. அம்மா தெருமுனை வரை போய்க் கீரைக்காரம்மாவை மறித்தாள். “எம்மே, எங்க ஊட்டாண்ட மட்டும் கூவாத. கொயந்த தூங்குது.”

“ஒரு கொயந்த தூங்கறதுக்கு நான் ஊமையா போவணுமா? இன்னா, அதுவும் எஸ்டேட்டு வேலைக்குப் போய்கினு கீதா?”

“ஆமாம்மே, போய்கினுதான் கீது” என்றாள் அம்மா. பிறகு அந்தக் கீரைக்காரம்மாவே எங்கள் வாசல் வந்ததும் குரலை இறக்கி, ரகசியம் சொல்வதுபோல “கீரேய்” என்பாள்.

காலை ஷிப்டு முடிந்து வரும் நைனா வாசலில் சைக்கிள் ஸ்டாண்டைப் போடமாட்டார். அது டங்கென்று அடிக்கும். சைக்கிளைத் தூக்கி வந்து சுவரில் சாய்ப்பார். ஊசியும் நூலும் எடுத்து வைத்துக்கொண்டு அவள் எழுவதற்காகக் காத்திருப்பார். ஒருமுறைகூட எழுப்பியதில்லை.

மார்கழியில் நான் கொடிக்கம்பத்தை மறுபடி தாண்டினேன். பிறகு, நடுவில் சளி, காய்ச்சல் என்று பாப்பா படுத்துக்கொண்டதால், கொஞ்சம் பின்வாங்கினேன். பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த அன்று என் முதுகில் முள்வேலி குத்தியது.

ஆஸ்பத்திரிக்கு இந்த முறை நைனாவும் வந்தார். லீவு போட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நர்ஸ் பாப்பாவின் வலக்கண்ணை மூடியதும் நைனாவின் கை தானாக மேலே எழுந்தது. அட்டையைப் பார்த்துக்கொண்டு, பாப்பா காட்டுவதற்கு முன்பே, தன் கையால் பக்கம் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

“நீங்க வெளியே நில்லுங்க” என்றார் நர்ஸ்.

வாசல் திரைக்கு வெளியே அவர் கால் மட்டும் தெரிந்தது. பாப்பா மேலேயிருந்த பெரிய சீப்பைச் சொன்னாள். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. கீழே வரவர மெதுவானாள், ஆனால் நிற்கவில்லை. கடைசி இரண்டு வரிகள் வரவில்லை. “அது சின்னப் பூச்சி மாரி கீது, சீப்பு இல்ல” என்றாள். டாக்டரம்மா பழைய சீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தொடரலாம்” என்றார். “கண்ணு வருது. என்ன செஞ்சீங்க?”

அம்மா வாயைத் திறக்குமுன் திரைக்கு வெளியிலிருந்து பதில் வந்தது. “தூங்க வெச்சோம் டாக்டரம்மா.”

மாறுகண் கொஞ்சம் அப்படியே இருந்தது. அது கட்டினால் போகாது, அதற்கு வேறு வைத்தியம், பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அம்மாவுக்கு அதில் பரம நிம்மதி. கண்ணும் வந்தது, யோகமும் போகவில்லை.

திரும்பும் ரயிலில் கூட்டம். நைனாவின் மடியில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்த பாப்பா, வில்லிவாக்கம் வருவதற்குள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சுண்டல்காரர் ஒருவர் கத்திக்கொண்டே வந்தார். நைனா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். “மெதுவா அண்ணாத்தே. உள்ள வேல நடந்துகினு கீது.” சுண்டல்காரர் ரயிலின் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், எங்கே வேலை என்று புரியாமல் அடுத்த பக்கம் போனார்.

கொரட்டூர் வந்தது. அம்மா பாப்பாவின் காலைத் தட்டினாள். “எயுப்புய்யா, எறங்கி நடக்கட்டும். கனக்குதில்ல.”

“கைய எடு” என்றார் நைனா. அவளைத் தோளோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். “இன்னும் ஷிப்டு முடியல.”